கையெழுத்திடுமுன் ஒரு நாழிகை

வீட்டில் ஒரு பிள்ளை தலையெடுத்துவிட்டான் என்பதற்கு நம் முன்னோர் கண்ட அடையாளம், அவன் தன் முதற் சம்பளத்தைத் தாயின் கையில் கொடுப்பதாகும். இக்காலத்தில் அதற்கு முன்னதாகவே வேறோர் அடையாளம் வந்து நிற்கிறது. பிள்ளை கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தத் தாளே அது. படப்பையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் குடும்பங்களுக்கு இதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் எழுந்துள்ள தொழிற்சாலைகளுக்குள் பயிற்சியாளனாக நுழையும் ஒவ்வோர் இளைஞனுக்கும் முதல் நாளிலேயே ஒரு தாள் தரப்படுகிறது. "படித்துப் பார்த்தாயா?" என்று கேட்டால், "எல்லாரும் போட்டார்கள், நானும் போட்டேன்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி.

அதே தாள் இப்போது விளையாட்டு மைதானத்தின் வழியாகவும் நம் வீடுகளுக்குள் வருகிறது. 2014-ஆம் ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியதிலிருந்து, கால்பந்தாட்டம் ஒரு பிழைப்பாகவும் ஆகக்கூடும் என்ற நம்பிக்கை தமிழகத்து இளைஞரிடையே வேரூன்றியுள்ளது. சென்னையின் அணி இருமுறை வாகை சூடியதும் அந்நம்பிக்கைக்கு உரமிட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் நம் பிள்ளைகளில் ஒருவன் நாளை அந்தத் தாளின்முன் அமரலாம். அவனுக்கும் அவன் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய சிலவற்றை இம்மாதம் ஆராய்வோம்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான இரவிபுத்தன்துறையிலிருந்து வந்தவர் மைக்கேல் சூசைராஜ். அக்கடலோரப் பங்குகளில் கால்பந்து தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வருகிறது. சென்னை சிட்டி அணியில் பெயர் பெற்ற அவர், 2018-ல் ஜாம்ஷெட்பூருக்கும், 2019-ல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கும் சென்றார். 2020 மார்ச்சில் அவ்வணி லீக் பட்டத்தை வென்றது. அதே ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் புதிய பருவத்தின் முதல் ஆட்டம். தொடங்கிய கால் மணி நேரத்திற்குள் முழங்காலில் அடிபட்டு அவர் வெளியேறினார். அந்தப் பருவம் முழுவதும் அவரால் ஆட இயலவில்லை. உழைப்பிலும் ஒழுக்கத்திலும் குறையில்லாத ஒருவனுக்கும் இது நேரலாம். ஆகவே ஒப்பந்தத் தாளில் நாம் முதலில் தேட வேண்டியது சம்பளத் தொகையை அன்று. அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, ஆட இயலாத மாதங்களில் சம்பளம் உண்டா, காப்பீடு எவ்வளவு என்பவற்றைத்தான்.

பஞ்சாபைச் சேர்ந்த அன்வர் அலியின் வரலாறு இன்னும் பல பாடங்களைக் கற்பிக்கிறது. 2017-ல் இந்தியாவில் நடந்த பதினேழு வயதிற்குட்பட்டோர் உலகக் கோப்பையில் நம் நாட்டுக்காக ஆடியவர் அவர். 2019-ல் மும்பை அணியில் இருந்தபோது இதயத்தில் ஒரு குறை இருப்பது மருத்துவச் சோதனையில் தெரியவந்தது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அவரை ஆட வேண்டாம் என்றது. அவர் நீதிமன்றத்தை நாடினார்; பின்னர் மீண்டும் களமிறங்கி, 2022-ல் இந்திய அணியிலும் இடம் பெற்றார். 2023-ல் டெல்லி எப்.சி. அணியிலிருந்து நான்காண்டுக் கடன் முறையில் மோகன் பகான் அணிக்குச் சென்ற அவர், மறு ஆண்டே அதை முறித்து ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். 2024 செப்டம்பர் 10-ஆம் நாள் சம்மேளனத்தின் குழு அவருக்கு 4 மாதத் தடை விதித்தது. அவரும் தொடர்புடைய இரு அணிகளும் மோகன் பகானுக்கு 12 கோடியே 90 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. வழக்கு டெல்லி உயர்நீதிமன்றம் செல்லவே, சில நாட்களில் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஒரு கையெழுத்தின் விலை கோடிகளில் பேசப்படலாம் என்பதை மட்டும் நாம் கண்டுகொண்டால் போதும்.

இனிச் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். பதினெட்டு வயது நிரம்பாதவன் செய்யும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. 1903-ல் பிரிவி கவுன்சிலும் அதை உறுதி செய்துள்ளது. ஆகவே சிறுவனின் பெயரால் கையெழுத்திடுவது பெற்றோரே. பிள்ளை போட்ட கையெழுத்து என்று பெற்றோர் பின்னர் கைகழுவ முடியாது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிகளும் இங்கே துணை நிற்கின்றன. வீரனின் ஒப்பந்தம் 5 ஆண்டுகளுக்கு மேல் நீளலாகாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவனுக்கு 3 ஆண்டுகளே உச்சவரம்பு. இரண்டு மாதச் சம்பளத்தை உரிய நாளில் தராத அணிக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, 15 நாள் தவணையும் தந்து, அதன் பிறகும் பணம் வராவிடில் வீரன் நியாயமாகவே விலகலாம். அந்த அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். தொலைபேசியில் கெஞ்சியதும் மேலாளரிடம் முறையிட்டதும் கணக்கில் வாரா.

"பையனை நான் பெரிய அணியில் சேர்த்துவிடுகிறேன்" என்று வீடு தேடி வரும் முகவர்களைப் பற்றியும் ஒரு சொல். முகவர் தொழிலுக்குத் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. சிறுவனை அணுகுவதற்கும் பெற்றோரின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். ஆகவே உரிமத்தைக் காட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. தேர்வுக்கு முன்பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுவதே விவேகம்.

தாளில் எழுதப்பட்ட சம்பளம் கைக்கு வந்தே தீரும் என்பதும் இல்லை. லீக்கை நடத்தும் உரிமை குறித்த பேச்சு முடிவடையாததால், 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக்கின் அடுத்த பருவம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு அணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் அணியும் தன் பணிகளை நிறுத்தி வைத்தது. 2026 பிப்ரவரியில்தான் ஆட்டம் தொடங்கியது. முதல் ஒப்பந்தத் தொகையை நம்பி மோட்டார் சைக்கிளும் விலை உயர்ந்த கைபேசியும் தவணையில் வாங்கியவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி காலால் பிழைப்பவனுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

களத்திற்கு வெளியே உள்ள நடத்தையும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதியே. இத்தாலிய வீரர் சாண்ட்ரோ டொனாலி 2023-ல் தம் இருபத்து மூன்றாம் வயதில் பெருந்தொகைக்கு இங்கிலாந்தின் நியூகாசில் அணியில் சேர்ந்தார். சில மாதங்களிலேயே அவர் கால்பந்துப் பந்தயங்களில் பணம் கட்டியது வெளிப்பட்டது. அவரும் ஒப்புக்கொண்டார். 10 மாதத் தடையோடு, சிகிச்சை பெறவும் இளைஞர்களிடம் தம் அனுபவத்தை எடுத்துரைக்கவும் பணிக்கப்பட்டார். 2024 ஆகஸ்டில் திரும்பி வந்த அவர், 2025 மார்ச்சில் தம் அணி லீக் கோப்பையை வென்றபோது களத்தில் இருந்தார். விழுந்தவன் எழ முடியும் என்பதற்கு அவர் சான்று. விழாமலிருப்பது அதனினும் நன்று. கைபேசியில் சூதாடிச் சம்பளத்தை இழக்கும் கேடு கால்பந்து வீரரோடு நிற்பதில்லை. தொழிற்சாலை விடுதிகளிலும் அது நுழைந்துள்ளது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றியது. ஆயினும் சட்டம் எட்டாத இடத்தில் தாயின் கண் எட்ட வேண்டும்.

ஊக்க மருந்து குறித்தும் எச்சரிக்கை தேவை. வீரனின் உடலில் தடை செய்யப்பட்ட பொருள் காணப்பட்டால் அதற்குப் பொறுப்பு அவனுடையதே. "தெரியாமல் சாப்பிட்டேன்" என்றால் பழி நீங்கிவிடாது. உடற்பயிற்சிக் கூடத்தில் நண்பன் தரும் மாவுப் பொட்டலத்தை மருத்துவரைக் கேளாமல் தொடாதிருக்கட்டும்.

அமெரிக்காவில் 'புட்பால்' என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். அதன் தேசிய லீக் 1997 முதல் 2015 வரை புதிய வீரர்களை ஒன்றுகூட்டிப் பணத்தைப் பேணல், நட்பைத் தேர்தல், நன்னடத்தை ஆகியவை பற்றி வகுப்பு நடத்தியது. பின்னர் அப்பொறுப்பை அணிகளே ஏற்றன. கோடிகளில் ஊதியம் தரும் நாட்டிலேயே இத்தகைய வகுப்பு வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் அந்த வகுப்பை நடத்த வேண்டியவர்கள் யார்? இரவு உணவு முடிந்தபின் பாயில் அமர்ந்திருக்கும் தந்தையும் தாயுமே.

தொழிற்சாலைத் தாளுக்கும் இவை பொருந்தும். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சியாளர் சட்டம், பயிற்சி பெறுபவனைத் தொழிலாளியாகக் கருதுவதில்லை. பயிற்சி முடிந்ததும் வேலை நிச்சயம் என்ற உறுதியும் அதில் இல்லை. வாய்மொழியாக எவர் எதைச் சொன்னாலும் தாளில் உள்ளதே நிற்கும்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளையின் மகிழ்ச்சியைக் குலைக்காதீர்கள். ஆனால் ஒரு நாழிகை அவனை நிறுத்துங்கள். தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் புரியாவிடில் பங்கிலுள்ள ஒரு வழக்கறிஞரையோ ஆசிரியரையோ வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டு, அடிபட்டால் என்ன, சம்பளம் நின்றால் என்ன, விலக வேண்டுமானால் என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்தபின் பேனாவைக் கொடுங்கள். முதல் தொகை வந்ததும் அதில் ஒரு பங்கை அவன் தொடாத கணக்கில் போட்டு வையுங்கள். கால் ஓயும் நாளிலும் அவன் படிப்பு அவனோடு இருக்கும் என்பதால், பந்தைக் காரணம் காட்டிப் பள்ளியை விடவும் இசையாதீர்கள். தான் ஒப்புக்கொண்டது இன்னது என்று அறிந்து கையெழுத்திடும் பிள்ளையே, கொடுத்த வாக்கைக் காக்கவும் கற்றுக்கொள்வான்.