மலைவாழையைக் குப்பியில் வைத்துக் காப்பாற்ற முடியுமா? திசு வளர்ப்பு செய்வதும் செய்யாததும்

பழநி பஞ்சாமிர்தம் நாள்கணக்கில் கெடாமல் இருக்கிறதென்றால், அதில் சேரும் வாழைப்பழத்துக்கும் அதில் பங்கு உண்டு. திண்டுக்கல் மாவட்ட மலைகளில் விளையும் விருப்பாச்சிப் பழத்தில் நீர்ச்சத்து குறைவு. பிசைந்தால் தண்ணீர் விடாது. விருப்பாச்சி, சிறுமலை ஆகிய இரண்டு மலைவாழைகளுக்கும் 2008-09-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் கிடைத்தது. முத்திரையெல்லாம் பத்திரமாக இருக்கிறது. பழம்தான் குறைந்துபோனது.

கீழ்ப்பழநி மலைப் பகுதியில் 1970-களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பிறகு சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது என்பது வேளாண் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சுட்டும் கணக்கு. முக்கியக் காரணம் முடிக்கொத்து நோய் என்ற வைரஸ் தாக்குதல். இலைகள் விரியாமல் உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். மரம் குட்டையாகிவிடும், தார் போடாது. ஒருமுறை தொற்றினால் அந்த மரம் தேறாது. மருந்து இன்றைக்கும் இல்லை.

இந்த நோய் பரவ இரண்டே வழிதான். ஒன்று, வாழை அசுவினி என்ற சிறு பூச்சி. இன்னொன்று, நோய் வந்த மரத்திலிருந்து எடுத்து நடும் கன்று. சமவெளியில் ஓரிரு வருடத்தில் தோட்டத்தை அழித்துவிட்டுப் புதுக்கன்று நடுவார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் அப்படி இல்லை. காபிச் செடிக்கு நிழலாக, மழையை நம்பி, ஒரே புதரில் பக்கக்கன்றுகளை விட்டு விட்டுப் பல வருடம் வைத்திருப்பதுதான் மலைவாழையின் வழக்கம். தாத்தா நட்ட வாழையில் பேரன் தார் வெட்டலாம். அதே வசதி வைரஸுக்கும் கிடைத்துவிட்டது.

குக்கர் போதுமா?

இங்கேதான் திசு வளர்ப்பு வருகிறது. நல்ல மரத்தின் ஈட்டிக் கன்றை எடுத்து, கிழங்கைச் சீவிக்கொண்டே போய், நடுவில் இருக்கும் வளர்நுனியை மட்டும் எடுக்கிறார்கள். கிருமி நீக்கி, சத்துக்கூழ் உள்ள குப்பிக்குள் வைக்கிறார்கள். அந்தக் கூழில் உப்புகள், சர்க்கரை, அகர், வளர்ச்சி ஊக்கிகள் இருக்கும். 1962-ல் முராஷிகியும் ஸ்கூக்கும் புகையிலைத் திசுவுக்காக உருவாக்கிய கலவைதான், சிறு மாற்றங்களோடு, இன்று வாழைக்கும் அடிப்படை. மூன்று நான்கு வாரத்தில் நுனி பல குருத்துகளாகும். பிரித்து வேறு குப்பியில் வைத்தால் அவையும் பெருகும். பிறகு வேர் விடவைத்து, நிழல்வலைக்குள் வெளிக்காற்றுக்குப் பழக்கி, நடவுக்கு அனுப்புவார்கள். கடையில் கிடைக்கும் ஜி9 பழத்தில் பெரும்பகுதி இப்படி வந்த கன்றுகளின் விளைச்சல்.

இதையே வீட்டில் செய்யலாம் என்று காட்டும் வீடியோக்கள் நிறைய. பொய்யில்லை. ஆய்வகத்தின் ஆட்டோகிளேவ் 121 டிகிரி செல்சியஸில், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் கிருமிகளைக் கொல்கிறது. நல்ல பிரஷர் குக்கரும் கிட்டத்தட்ட அந்த அழுத்தத்தைத் தொடும். காற்று வடிகட்டும் மேடைக்குப் பதிலாக, கை நுழைய இரண்டு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டி. பூஞ்சை பிடித்துப் பாதிக் குப்பி வீணானாலும் மீதி வளரும். ஊரில் ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு சென்னையிலோ கோவையிலோ வேலை பார்ப்பவருக்கு, சிறுமலைப் பழத்தை நாமே பெருக்கினால் என்ன என்று தோன்றுவது இயல்பு.

சிக்கல் வேறு இடத்தில். திசு வளர்ப்பு ஒரு நகல் இயந்திரம். தாய்மரத்தில் வைரஸ் இருந்தால் அதையும் சேர்த்தே நகல் எடுக்கும். நுனித்திசுவில் வைரஸ் குறைவாக இருக்கும் என்பதால் சில கன்றுகள் தப்பலாம்; எல்லாம் தப்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தாய்மரத்தைப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. தொற்றிய பிறகு அறிகுறி வெளியே தெரியப் பல வாரம் ஆகும், குளிர்காலத்தில் இன்னும் தள்ளிப்போகும். மலையில் இது சின்ன விஷயம் இல்லை. எலைசா, பிசிஆர் போன்ற சோதனைதான் பதில் சொல்லும். குக்கரில் அது வராது.

வெளிநாட்டில் வீட்டுத் திசு வளர்ப்பைப் பிரபலமாக்கியவர்களில் கஞ்சா வளர்ப்போரும் உண்டு. சட்டம் அனுமதித்த இடங்களில், பிடித்த ரகத்தின் தாய்ச்செடியைக் குப்பியில் பாதுகாக்கத் தொடங்கினார்கள். அங்கேயும் இதே கதைதான். ஹாப் லேட்டன்ட் வைராய்டு என்ற தொற்று, நன்றாகத் தெரியும் தாய்ச்செடிகளுக்குள் ஒளிந்து, வெட்டுத்தண்டுகள் வழியே தோட்டம் தோட்டமாகப் போனது. சோதனை செய்தபிறகுதான் விஷயமே தெரிந்தது. (இந்தியாவில் அனுமதி இல்லாமல் கஞ்சாச் செடி வளர்ப்பது 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கக்கூடிய குற்றம். குப்பிக்குள் வளர்த்தால் மட்டும் அது வேறு செடி ஆகிவிடாது.)

வாழைக்கு இந்தியாவில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறை 2006-ல் வந்தது. பொறுப்பு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையிடம். முடிக்கொத்து உள்பட நான்கு வைரஸ்களுக்குச் சோதனை உண்டு. ஒரே நுனியை முடிவில்லாமல் பெருக்கவும் கூடாது, எட்டுச் சுற்றோடு நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் குட்டை மரம், கோணல் தார் என்று ரகம் மாறிய கன்றுகள் அதிகமாகும். கன்று வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால், இந்தத் தொகுதியின் வைரஸ் சோதனைச் சான்று எங்கே என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

சுத்தமான கன்று, சுத்தமில்லாத மலை

திருச்சியில் 1993-ல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வைரஸ் இல்லாத மலைவாழைக் கன்றுகளை ஏற்கெனவே விவசாயிகளிடம் கொண்டுசேர்த்திருக்கின்றன. தடியன்குடிசையில் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அப்படியும் நோய் ஏன் ஒழியவில்லை? ஏனென்றால் வைரஸ் இல்லாத கன்று, வைரஸைத் தாங்கும் கன்று இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் நோய்வந்த ஒரே ஒரு புதர் நின்றால் போதும். அங்கிருந்து வரும் அசுவினி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

1920-களில் ஆஸ்திரேலியாவில் இதே நோய் வாழைத் தொழிலை ஏறக்குறைய முடித்துவைத்தது. அப்போது திசு வளர்ப்பு கிடையாது. மாகீ என்ற ஆய்வாளர், நோயைப் பரப்புவது அசுவினியும் கன்றும்தான் என்று கண்டறிந்தார். அரசு, நோய்வந்த மரத்தை அழிப்பதைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. ஆய்வாளர்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். சோதித்த இடத்துக் கன்றை மட்டும் நட அனுமதித்தார்கள். தொழில் மீண்டது.

கீழ்ப்பழநி மலையில் தடைப்பட்டு நிற்பது இந்தப் பகுதி. குப்பிக்குள் நடப்பதை ஆய்வகம் பார்த்துக்கொள்ளும். ஆனால் தார் தரும் நிலையில் இருக்கிற மரத்தை, பக்கத்து வீட்டுக்காரருக்காக ஒரு சிறு விவசாயி எதற்கு வெட்ட வேண்டும்? அந்த நஷ்டத்தை யார் தருவது? புதுக்கன்றுக்கு மானியம் என்பது எளிய அறிவிப்பு. பழைய புதரைத் தோண்டி எடுக்க இழப்பீடும் ஆட்கூலியும் என்பதுதான் கடினமானது. அது ஒரு தோட்டத்துக்கு மட்டும் கொடுத்தால் பயனில்லை, ஒரு மலைச்சரிவு முழுவதுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ரகத்தைப் பாதுகாப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் கதை சுலபம். பெல்ஜியத்தின் லூவன் நகரில் உள்ள சர்வதேச வாழை மரபுவள மையத்தில் 1,600-க்கும் மேற்பட்ட வாழை வகைகள் குப்பிகளில், குறைந்த வெப்பத்தில் மெதுவாக வளர்க்கப்படுகின்றன. பலவற்றின் நுனிகள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைந்திருக்கின்றன. அங்கே ஒரு ரகம் சாகாது. பஞ்சாமிர்தமும் ஆகாது.

மலையில் வாழை வைத்திருப்பவர்கள் இலைக்காம்பையும் நடு நரம்பையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாக, தந்திக் குறியீடு போலத் தெரிந்தால் அது முடிக்கொத்து. உடனே வெட்டிப் போட்டுவிடக் கூடாது. மரம் காய்ந்தால் அதிலுள்ள அசுவினிகள் வைரஸோடு அடுத்த மரத்துக்குப் போய்விடும். முதலில் மருந்து தெளித்து அவற்றைக் கொன்றபிறகுதான் மரத்தில் கைவைக்க வேண்டும். கிழங்கைத் துண்டுகூட மிச்சமில்லாமல் தோண்ட வேண்டும், ஒரு கண் தங்கினாலும் நோயோடு மறுபடி முளைக்கும்.