ஓடையைச் சீரமைத்தார்கள், சால்மன்களும் திரும்பி வந்தன... முட்டையிடும் முன்பே செத்தது ஏன்? சியாட்டிலில் சிக்கிய கார் டயர்!

அமேசான் அலுவலகத்தால் நம்ம ஊர் ஐடி ஊழியர்களுக்கு நன்றாகவே பழக்கப்பட்ட நகரம் சியாட்டில். அதன் மேற்குப் பகுதியில், வீடுகளுக்கும் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கும் நடுவே லாங்ஃபெலோ என்ற சிறிய ஓடை ஓடுகிறது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ரப்பர் பூட்ஸ் மாட்டிய தன்னார்வலர்கள் அதில் இறங்கி நடக்கிறார்கள். செத்துக் கிடக்கும் சால்மன் கண்ணில் பட்டால் குறித்துக்கொள்கிறார்கள். பெண் மீன் என்றால் வயிற்றைக் கீறிப் பார்க்கிறார்கள். சினை காலியாக இருந்தால் நிம்மதி. வயிறு நிறைய சினை இருந்தால், அந்த மீன் வந்த காரியம் முடியாமலேயே செத்திருக்கிறது.

இந்த ஓடையில் காலி வயிறு அபூர்வம். அதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆனது. குற்றவாளி, உலகம் முழுக்க ஓடும் கார்களின் டயருக்குள் இருந்தது.

சால்மன் சாவது இயல்புதானே?

ஆமாம், ஆனால் முட்டையிட்ட பிறகு. கோஹோ என்ற சால்மன் வகை நன்னீர் ஓடையில் பொரிந்து, ஓராண்டுக்கு மேல் அங்கேயே வளர்ந்து, பிறகு கடலுக்குப் போகிறது. சுமார் 3 வயதில், பிறந்த ஓடையின் வாசனையை மோப்பம் பிடித்து அதே ஓடைக்குத் திரும்புகிறது. சரளைக்கல் படுகையில் குழி பறித்து முட்டையிடும். சில நாட்களில் செத்துப்போகும். வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான். அதைத் தவறவிட்டால் அந்தத் தாய் மீனின் வம்சம் அங்கேயே முடிந்தது.

சியாட்டில் அமைந்திருப்பது பியூஜெட் சவுண்ட் என்ற கடல் நுழைகழியின் கரையில். நகரம் வளர வளர, அதில் கலக்கும் ஓடைகள் குழாய்க்குள் அடைக்கப்பட்டன. லாங்ஃபெலோவின் கடைசிப் பகுதி இன்றும் நிலத்தடிக் குழாய் வழியாகத்தான் டுவாமிஷ் ஆற்றில் கலக்கிறது. 1999-ல் பியூஜெட் சவுண்டின் சினூக் சால்மன், அமெரிக்காவின் அழிவு அபாயப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நகர எல்லைக்குள் ஓடும் ஓடைகளையும் கவனித்தே ஆகவேண்டிய கட்டாயம் வந்தது.

கையுறையும் மண்வெட்டியும்

1990-களில் இருந்தே மாநகராட்சியும் அக்கம்பக்கத்து மக்களும் கைகோத்து வேலை செய்தார்கள். மீன் ஏறத் தடையாக இருந்தவை அகற்றப்பட்டன. நீரின் வேகத்தைக் குறைக்கப் பெரிய மரத்துண்டுகள் ஓடையில் போடப்பட்டன. சனிக்கிழமை காலைகளில் தன்னார்வலர்கள் ஐவிக் கொடியையும் 'இமயமலை பிளாக்பெரி' புதரையும் பிடுங்கி எறிந்தார்கள். (பெயரில் மட்டும்தான் இமயமலை, அதன் பூர்வீகம் ஆர்மீனியா பக்கம்.) அந்த இடத்தில் உள்ளூர் மரக்கன்றுகளை நட்டார்கள். மரம் நிழல் தந்தால் நீர் குளிர்ச்சியாக இருக்கும், சால்மனுக்கு அது அவசியம். சால்மன் எலும்பின் வடிவில் நடைபாலம்கூட வந்தது.

மீன்கள் உண்மையிலேயே திரும்பி வந்தன. வந்த வேகத்தில் சாகவும் தொடங்கின.

அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் விஞ்ஞானிகள் 2002 முதல் 2009 வரை இலையுதிர் காலங்களில் லாங்ஃபெலோவைக் கண்காணித்தார்கள். திரும்பி வந்த பெண் கோஹோக்களில் ஆண்டுக்கு ஆண்டு 60 முதல் 100 சதவீதம் வரை முட்டையிடாமலேயே செத்தன. ஒப்பிடுவதற்காகப் பார்த்த, நகரத்துக்கு வெளியே உள்ள ஓடையில் இது 1 சதவீதத்துக்கும் கீழ். சாகும் விதமும் விசித்திரமாக இருந்தது. மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைப் பிளக்கும், துடுப்புகள் விறைக்கும், சமநிலை தவறிச் சுழலும். சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

மழை பெய்தால்தான் சாவு

நீரின் வெப்பமா? ஆக்சிஜன் குறைவா? நோயா? பூச்சிக்கொல்லியா? ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார்கள். மிஞ்சிய ஒரே துப்பு மழை. கோடையின் வறட்சிக்குப் பிறகு வரும் இலையுதிர் மழைதான் ஓடையில் நீரை ஏற்றி, கடலில் காத்திருக்கும் கோஹோவை உள்ளே அழைக்கிறது. வாரக்கணக்கில் சாலையில் படிந்த அழுக்கை ஒட்டுமொத்தமாகக் கழுவி ஓடைக்குள் தள்ளுவதும் அதே மழைதான். அழைப்பும் விஷமும் ஒன்றாகவே வந்திருக்கின்றன.

சாலையிலிருந்து வழியும் மழைநீரைப் பிடித்து, அதில் கோஹோவை விட்டுப் பார்த்தார்கள். 24 மணி நேரத்துக்குள் செத்தன. சாலை நீரில் வழக்கமாக இருக்கும் உலோகங்களையும் எண்ணெய்ப் பொருட்களையும் ஆய்வகத்தில் கலந்து அதில் மீனை விட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால், பட்டியலிலேயே இல்லாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டகோமா வளாகத்தைச் சேர்ந்த எட்வர்ட் கொலோட்ஜி, ஜென்யு டியான் குழுவும், வாஷிங்டன் மாகாணப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மெக்கின்டயரும் டயர் பக்கம் திரும்பினார்கள். டயர்த் துகளை ஊறவைத்த நீர் மீனைக் கொன்றது. அந்த நீரில் 2,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள்! அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி மீனைக் கொல்கிறதோ அதை மீண்டும் பிரித்து, கடைசியில் ஒரே ஒரு மூலக்கூறில் வந்து நின்றார்கள். 2020 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது.

டயருக்குள் அப்படி என்ன?

ரப்பரை ஓசோன் வாயு தாக்கினால் விரிசல் விடும். அதைத் தடுக்க, பல பத்தாண்டுகளாக அநேகமாக எல்லா டயரிலும் 6பிபிடி என்ற ரசாயனம் சேர்க்கப்படுகிறது. அது டயரின் மேற்பரப்புக்குக் கசிந்து வந்து, ரப்பருக்குப் பதில் தானே ஓசோனுடன் வினைபுரிகிறது. அந்த வினையில் பிறப்பதுதான் 6பிபிடி-குயினோன். டயர் தேயத் தேய அது சாலையில் விழுகிறது, மழை அதை ஓடையில் சேர்க்கிறது.

பின்னர் திருத்தப்பட்ட கணக்குப்படி, ஒரு லிட்டர் நீரில் சுமார் 95 நானோகிராம் இருந்தாலே கோஹோக்களில் பாதி செத்துவிடும். 25 லட்சம் லிட்டர் கொள்ளும் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் கால் கிராமுக்கும் குறைவாகக் கரைத்தால் போதும்.

இன்னொரு வேடிக்கை, சம் என்ற சால்மன் வகையை இந்த விஷம் அசைப்பதே இல்லை. சியாட்டிலின் வடக்கே கார்கீக் பூங்காவில் உள்ள பைப்பர்ஸ் ஓடையில் தன்னார்வலர்களின் முயற்சிக்குப் பலன் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அங்கே வருவது பெரும்பாலும் சம் வகைதான். சுகுவாமிஷ் பழங்குடியினர் தங்கள் பொரிப்பகத்திலிருந்து கொடுக்கும் சம் மீன்களை, ஓடை நீர் பாயும் குட்டையில் வைத்துத் தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். அந்த நீரின் வாசனை குஞ்சுகளுக்குப் பழகியதும் திறந்துவிடுகிறார்கள். நவம்பரில் மீன் திரும்பும்போது கரையில் நின்று, வரும் குடும்பங்களுக்கு விளக்கம் சொல்வதும் இவர்கள்தான்.

பழங்குடியினர் இங்கே வெறும் 'பார்ட்னர்' இல்லை. 1850-களின் ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்தபோதும் மீன்பிடி உரிமையை அவர்கள் விட்டுத்தரவில்லை. பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுடையது என்று 1974-ல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார். மீன் ஏற முடியாதபடி சாலைக்கு அடியில் போடப்பட்ட குழாய்களை வாஷிங்டன் மாகாணம் சரிசெய்ய வேண்டும் என்ற உத்தரவும் 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் நிலைத்தது. அதனால்தான் இந்த விவகாரத்தில் அவர்கள் கேட்டால் அரசு பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

சரி, தீர்வு?

ஒரு தீர்வு வியக்கவைக்கும் அளவுக்கு எளிது: மண். கோஹோவைக் கொன்ற அதே சாலை நீரை, மணலும் மக்கிய உரமும் கலந்த மண் வழியாக வடித்துவிட்டு மீனை விட்டார்கள். அத்தனை மீனும் பிழைத்தது. இதை வைத்துத்தான் வீட்டு முற்றங்களிலும் தெருவோரங்களிலும் 'மழைத் தோட்டம்' அமைக்கும் வேலை நடக்கிறது. கூரைநீரும் சாலைநீரும் நேராக வடிகாலுக்குப் போகாமல், செடிகள் நட்ட பள்ளத்தில் இறங்கி வடியும். சியாட்டிலின் அரோரா பாலத்துக்கு அடியில், பாலத்திலிருந்து வழியும் நீரை இப்படி வடிகட்டும் பள்ளங்களை ஒரு கட்டுமான நிறுவனமும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் சேர்ந்து அமைத்தன.

ஆனா, பியூஜெட் சவுண்டைச் சுற்றியுள்ள ஒவ்வொரு சாலைக்கும் பக்கத்தில் தோட்டம் போட முடியுமா? இடமும் பணமும் எங்கே? எலெக்ட்ரிக் கார் வாங்கினாலும் பிரச்சினை தீராது, அதுவும் டயரில்தான் ஓடுகிறது. விஷத்தைச் செய்பவர் ஒருவர், அதை வடிகட்டும் செலவும் உழைப்பும் மாநகராட்சிக்கும் ஞாயிற்றுக்கிழமை மண் வெட்ட வருபவர்களுக்கும் என்பது நியாயமான பங்கீடாகத் தெரியவில்லை.

டயர் நிறுவனங்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 6பிபிடியை எடுத்துவிட்டு டயர் வெடித்தால் சாவது மனிதர்கள். மாற்றுப் பொருள் அதே அளவு பாதுகாப்பாக இருக்க வேண்டும், மீனுக்கு வேறொரு விஷமாகவும் ஆகிவிடக் கூடாது. கலிஃபோர்னியா மாகாணம் 2023 அக்டோபர் முதல், 6பிபிடி உள்ள டயரை முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்து, மாற்று இருக்கிறதா என்று ஆராயும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீதே வைத்திருக்கிறது.

2023 ஆகஸ்டில் யூரோக், போர்ட் கேம்பிள் ஸ்க்ளாலம், புயல்லப் ஆகிய மூன்று பழங்குடி அமைப்புகள் டயரில் 6பிபிடிக்குத் தடை கேட்டு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் மனு கொடுத்தன. நவம்பரில் மனு ஏற்கப்பட்டது. அதே மாதம் மீனவர் அமைப்புகள் 13 டயர் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தன. ஓராண்டு கழித்து, 2024 நவம்பரில், விதி கொண்டுவருவது பற்றித் தகவல் கேட்டு முகமை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அது தடை அல்ல, தடைக்கான வரைவுகூட அல்ல.

இந்த மனுக்களும் வழக்குகளும் ஓடைகளில் இறங்கிச் செத்த மீன்களை எண்ணிய வேலையிலிருந்துதான் தொடங்கின. லாங்ஃபெலோவில் அந்த வேலை இப்போதும் நடக்கிறது: இலையுதிர் மழை தொடங்கியதும் தன்னார்வலர்கள் இறங்குகிறார்கள், வயிற்றைக் கீறுகிறார்கள், சினை இருந்ததா இல்லையா என்று எழுதிக்கொண்டு அடுத்த மீனைத் தேடிப் போகிறார்கள்.