மைனருக்கு எந்த ரயர்?

முன்னர் நம்மிடம் கணிதம் பயின்ற மாணவர் ஒருவர், பாட்டனார் விட்டுச் சென்ற மொறிஸ் மைனர் காரை வாடகைக்கு ஓட்டிக் குடும்பத்தைத் தாங்கி வருகிறார். சென்ற கிழமை நம் இல்லம் வந்தார். "சேர், ரயர் நாலும் தேய்ஞ்சு போச்சு. 165/65 போட்டால் கார் வடிவாயிருக்கும், விலையும் குறைவு எண்டு கடைக்காரர் சொல்லுறார். போடலாமோ?" என்று வினவினார்.

1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட கார் இது. இத்தகைய பழைய பிரித்தானியக் கார்களை யாழ்ப்பாணத்தார் எளிதில் கைவிடுவதில்லை. 1990க்குப் பின் எரிபொருள் அருகியபோது, சிறிது பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் அல்லவா! ஆகவே நாமும் கடதாசி ஒன்றை எடுத்துக் கணக்கில் இறங்கினோம்.

மைனருக்குப் பிற்காலத்தில் வந்த ரயர் 5.20-14. இன்றைய ரேடியல் ரயர்களுள் அதற்கு நெருங்கியது 155/80 ஆர் 14. இதில் 155 என்பது மில்லிமீற்றரில் அகலம். பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் 80 வீதம். 14 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். எனவே பக்கச்சுவர் 124 மில்லிமீற்றர். மேலொன்று, கீழொன்றாக அதை இருமுறை எடுத்து, றிம்மின் 356ஐயும் கூட்டினால் 604. கடைக்காரர் சொன்ன ரயருக்கோ 570தான் வருகிறது.

இந்த 34 மில்லிமீற்றர் அற்பமன்று. சிறுத்த சக்கரம் அதே தூரத்துக்கு அதிக முறை சுழலும். மீற்றரோ சுழற்சியையே எண்ணும். அது 100 மைல் காட்டும்போது கார் ஓடியது 94½ மைலே. ஓடாத ஐந்தரை மைலுக்கும் பயணி காசு கொடுப்பார்! காரும் 17 மில்லிமீற்றர் தாழும். மாரிகாலத்தில் நம் ஒழுங்கைகளைக் கண்டவர்க்கு அதன் பொருள் விளங்கும்.

இவற்றினும் பெரிது ஒன்றுண்டு. 165/65 ரயருக்குக் குறைந்தது நாலரை அங்குல அகலமுள்ள றிம் வேண்டும். மைனரின் பழைய றிம் மூன்றரையைத் தாண்டாது. ஒடுங்கிய றிம்மில் பிதுங்கி நிற்கும் ரயர் வளைவுகளில் நெளியும். விளிம்பு கழன்றால் காற்று கணத்தில் போய்விடும். பண்ணைப் பாதையில், இருபுறமும் கடலிருக்க, பின்னாசனத்தில் பள்ளிப் பிள்ளைகளோடு அது நேர்ந்தால்?

155ஐயே வாங்கச் சொன்னோம்; நாலையும் ஒருங்கே மாற்றவும் சொன்னோம். பழைய வகை ரயரையும் ரேடியலையும் ஒரே அச்சில் கலக்கலாகாது.

"ரெண்டுக்கு முற்பணம் குடுத்திட்டனே, சேர்" என்று தலையைச் சொறிந்தார். கடை பூட்டுமுன் போய்க் கேட்கும்படி அனுப்பிவைத்தோம்.