பிறவிக் கவி என்னும் வசை

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தைப் பாராட்ட மேடையேறுவோர் தவறாமல் சொல்லும் கதை ஒன்றுண்டு. 1946இல் வயல் பார்க்கப் போன 15 வயதுச் சிறுவன் குளத்தில் கெண்டைக்குஞ்சைக் கண்டான், பாட்டுப் பிறந்தது. அடுத்து மாடு விற்றார், மாம்பழம் விற்றார், உப்பளத்தில் உழைத்தார் என்று தொழில்களின் பட்டியல் வரும். அங்கிருந்து ஒரே தாவலில் திரைப்படம். பள்ளிப்படிப்பு இரண்டாண்டோடு நின்றுபோனவருக்கு மண்ணே பாட்டை ஊட்டியது என்று முடிப்பார்கள், கைதட்டல் எழும். பொத்தேரியில் நம்மிடம் பயில வரும் மாணவர்களும் இதையே ஒப்பிக்கிறார்கள்.

இது புகழ்ச்சி அன்று, மரியாதையாகச் சொல்லப்பட்ட வசை. படித்தவனுக்குப் பயிற்சி உண்டு, உழவனுக்கு ஊற்று மட்டுமே உண்டு என்னும் எண்ணம் இதற்குள் பதுங்கியிருக்கிறது.

மெய்யாக நடந்தது என்ன? அவர் தந்தை அருணாசலனார் 'முசுகுந்த நாட்டு வழிநடைக் கும்மி' இயற்றியவர். ஆகவே செங்கப்படுத்தான்காட்டு வீட்டுக்குள்ளேயே சந்தம் இருந்தது. பின்னர் சக்தி நாடக சபாவில் நடிப்பு, புதுவையில் பாரதிதாசனிடம் மாணவராக இருந்து 'குயில்' ஏட்டில் பணி, பொதுவுடைமை இயக்கம், 1954இல் 'ஜனசக்தி'யில் கவிதைகள், 'கண்ணின் மணிகள்' நாடகத்துக்குப் பாடல்கள். 1955இல் 'மகேஸ்வரி' திரைக்கு வரும்போது கெண்டைக்குஞ்சுக்கு ஒன்பது வயது!

அந்த ஒன்பது ஆண்டுகளே நமக்கு முக்கியம். உழவர் கூடும் பந்தலில் பாடப்படும் பாட்டுக்கு இரண்டாம் வாசிப்புக் கிடையாது. காதில் விழுந்த கணத்திலேயே பொருள் விளங்க வேண்டும். பின்வரிசையில் இருப்பவரும் கூடச் சேர்ந்து பாட வேண்டும். பிற்காலத் திரைப்பாடல்களில் நாம் வியக்கும் குறுகிய அடி, முன்னிலை விளி, வினா விடை அமைப்பு ஆகியவை அத்தேவையில் தேர்ந்தவை. 'பாசவலை' வெளிவந்த 1956இல் மெட்டுக்குச் சொல் அடுக்க அவர் தடுமாறவில்லையென்றால், காரணம் மண்வாசனை அன்று, பழகிய கை.

அமெரிக்க நாட்டுப்புற இசையின் பெரும் பாடலாசிரியர் ஹாங்க் வில்லியம்ஸுக்கும் இதே கதியே நேர்ந்தது. அவரும் 29 வயதில், 1953இன் முதல் நாளில் இறந்தார். கல்லாத மேதை என்றே அவரையும் கொண்டாடினார்கள். ஆனால் சிறுவயதில் அலபாமாவின் தெருப்பாடகர் ரூஃபஸ் பெய்னிடம் கற்றவர் அவர். 1945இலேயே தம் பாடல்களைச் சிறுநூலாக அச்சிட்டவர். பின்னாளில் பதிப்பாளர் ஃபிரெட் ரோஸுடன் அமர்ந்து வரிகளைத் திருத்தியவர். அங்கே ஆய்வாளர்கள் இவற்றைத் தேடி எழுதிவிட்டார்கள்.

இங்கேயோ, புழக்கத்திலுள்ள தொகுப்புகள் காதல், சமூகம், தத்துவம், தொழிலாளர் எனப் பொருள்வாரியாகவே பாடல்களைப் பிரித்துத் தருகின்றன. 1954இல் எழுதியதும் 1959இல் எழுதியதும் ஒரே பக்கத்தில் தோளுரசி நிற்க, கவிஞர் வளர்ந்த வழியை மாணவன் எப்படிக் காண்பான்? சங்கப்பாடலுக்குத் திணையும் துறையும் கேட்கும் நம் தமிழ்த்துறைகள் இவர் பாட்டுக்கு ஆண்டைக்கூடக் கேட்பதில்லை. திரைப்பாட்டுத்தானே என்ற இளக்காரம். முதலில் நாடகப் பாடல்களையும் 'ஜனசக்தி'க் கவிதைகளையும் தனியே பிரித்து, காலவரிசையில் ஒரு பதிப்பு வரட்டும். நூற்றாண்டு 2030இல் வருகிறது; மேடைக்கு ஆள் பிடிக்கும் வேலையை அதன்பிறகு வைத்துக்கொள்ளலாம்.