பூஜ்யம் என்றும் எழுதுங்கள்

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பசிஃபிகா என்று ஒரு கடற்கரை ஊர். கோடையில் மூடுபனிக்குப் பேர் போனது. ஜூலையில் ஒரு ஞாயிறு காலை, அங்கே மோரி பாயிண்ட் மேட்டில் நானும் ஒரு நண்பனும் இரண்டு மணி நேரம் நின்றோம். கடல் சத்தம் மட்டும் கேட்டது, கடலைக் காணவில்லை. கிளம்பும்போது நோட்டில் எழுதினேன்: காலை 7 முதல் 9. பார்வைத் தூரம் 200 மீட்டருக்கும் குறைவு. கூழைக்கடா 14. நீர்க்காகம் 6. திமிங்கிலம் 0. கீழே மணலில் செத்த மர் 1.

மர் என்பது கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக, பென்குயினின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும் கடற்பறவை. தமிழில் அதற்குப் பெயர் இல்லை.

நண்பன் கவிதை எழுதுகிறவன். எட்டிப் பார்த்துச் சிரித்தான். "ஏன்டா, இந்தப் பனியில நிக்கிறதே ஒரு அனுபவம். அதை விட்டுட்டு மளிகைக்கடை கணக்குப்பிள்ளை மாதிரி எழுதிட்டிருக்க. அதுலயும் பூஜ்யத்தை எவனாவது எழுதுவானா?"

அன்று பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன். இது அவனுக்கு மட்டுமான பதில் இல்லை. பெயர் சொன்னால் பறவை செத்துவிடும், எண்ணினால் கடல் சுருங்கிவிடும் என்று நம்புகிற நம் இலக்கிய நண்பர்கள் எல்லோருக்குமானது.

முதலில் பனி. நம் எழுத்தில் மூடுபனி வந்தாலே அது நினைவு, மரணம், பிரிந்துபோன காதலி என்று வேறு எதுவாகவோ ஆகிவிடும். பசிஃபிகாவில் அது பௌதிகம். வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்குக் காற்று மேல்மட்டக் கடல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. ஈரக்காற்று அதன்மேல் பட்டுக் குளிர்ந்து பனியாகிறது. அதே குளிர்நீர்தான் அடியிலிருந்து சத்துகளையும் கொண்டுவருகிறது. அதில் நுண்ணுயிர் பெருகுகிறது, அதைத் தின்ன நெத்திலி வருகிறது, நெத்திலிக்கு மர்ரும் கூழைக்கடாவும் ஹம்ப்பேக் திமிங்கிலமும் வருகின்றன. திமிங்கிலத்தை மறைக்கிற பனியும் அந்தத் திமிங்கிலத்தை இங்கே அழைத்து வருகிற தீனியும் ஒரே தண்ணீரின் வேலை. இது தெரிந்தபின் எனக்கு அந்தப் பனியின் அழகு குறையவில்லை, கூடித்தான் போனது.

அதே பனியில்தான் 2007 நவம்பர் 7 காலை காஸ்கோ பூசான் என்ற சரக்குக் கப்பல் பே பிரிட்ஜின் தூணடியில் இடித்தது. இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் எண்ணெய் விரிகுடாவில் கொட்டியது. 6,800க்கும் அதிகமான பறவைகள் செத்ததாக மதிப்பிட்டார்கள். படிமம் எல்லாம் சரிங்க, இந்தப் பறவைகளை எந்தப் படிமத்தில் வைப்பது?

இனி எண்ணுகிறவர்களின் கதை. 1990களில் இந்தக் கரையில் குளிர்காலம்தோறும் எண்ணெய் அப்பிய பறவைகள் ஒதுங்கின. கப்பல் எதுவும் உடையவில்லை, எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை. 1993இலிருந்து பீச் வாட்ச் என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் தங்களுக்கென ஒதுக்கிய கடற்கரையில் மாதாமாதம் நடந்து, உயிரோடு இருப்பது எத்தனை, செத்தது எத்தனை, எண்ணெய் பட்டது எத்தனை என்று எழுதிவந்தார்கள். சாதாரண நாளில் எத்தனை பறவை சாகும் என்று அவர்கள் ஏற்கெனவே எழுதிவைத்திருந்ததால்தான், எந்த நாள் சாதாரணமானது இல்லை என்று சொல்ல முடிந்தது. அந்தக் கணக்கும் எண்ணெயின் ரசாயனப் பரிசோதனையும் சேர்ந்து 2002இல் குற்றவாளியைக் காட்டின. 1953இல் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கிய ஜேக்கப் லக்கன்பாக். அரை நூற்றாண்டாகக் கடலடியில் கிடந்து கசிந்துகொண்டிருந்தது. 1990 முதல் 2003 வரை அது கொன்ற பறவைகள் 51,000க்கு மேல் என்பது மதிப்பீடு. அந்த 2002லேயே மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் எண்ணெயை உறிஞ்சி எடுத்தார்கள். மழையிலும் பனியிலும் செத்த பறவையைப் புரட்டிப் பார்த்த கணக்குப்பிள்ளைகள் இல்லாவிட்டால் அது இன்னும் கசிந்துகொண்டிருக்கும்.

கவிஞனை மட்டும் திட்டினால் நியாயமில்லை. எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது: கேமராக்காரர்கள். நம்ம ஐடி ஆட்கள் நிறையப் பேர், நானும் ஒரு காலத்தில் அதில் இருந்தவன். "பசிஃபிகாவில் ஹம்ப்பேக், கரைக்குப் பக்கத்தில்!" என்று வாட்சப்பில் வந்ததும் முப்பது கார் பறக்கும். வால் தெரியும் படம் எல்லா இடத்திலும் ஏறும். மறுநாள் ஒன்றும் இல்லை என்றால் யாரும் எதுவும் போடமாட்டார்கள்.

சர்வரைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு இதன் அபத்தம் தெரியும். பரபரப்பான நாள்களின் லாகை மட்டும் வைத்துக்கொண்டு சிஸ்டம் எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஈபேர்ட் செயலியில் பட்டியலை அனுப்புமுன் ஒரு கேள்வி வரும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதிவிட்டீர்களா? ஆமாம் என்றால்தான், எழுதாத பறவை அங்கே தென்படவில்லை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்ள முடியும்.

படம் மட்டும் பார்ப்பவர் எப்படி ஏமாறுவார் என்பதற்கு 2014 முதல் 2016 வரையிலான கடல் வெப்ப அலை சாட்சி. குளிர்நீர் கரையோரப் பட்டையாகச் சுருங்கியது. நெத்திலி கரையோரம் ஒதுங்கியது, பின்னாலேயே ஹம்ப்பேக்குகளும் வந்தன. கரையிலிருந்து பார்த்தவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் நண்டுக்கூட்டுக் கயிறுகள் இருந்ததும் அதே கரையோரம்தான். ஆண்டுக்குப் பத்து என்றிருந்த கயிற்றில் சிக்கும் திமிங்கிலங்கள், 2015இலும் 2016இலும் ஐம்பதை ஒட்டின. காட்சி கூடியது கேட்டின் அறிகுறியாக இருந்தது. அதே வெப்பத்தில் கலிஃபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரை சுமார் 62,000 மர்கள் செத்து ஒதுங்கின. அலாஸ்காவில் மட்டும் 40 லட்சம் செத்திருக்கும் என்று 2024இல் கணக்கிட்டார்கள். ஒதுங்கியதையும் கூட்டிடங்களில் மிஞ்சியதையும் ஆண்டுக்கணக்காக எண்ணியவர்கள் இருந்ததால்தான் இது தெரியும். இவ்வளவு பெரிய சாவு நம் கண்ணெதிரே நடந்தும் நமக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

சாம்பல் திமிங்கிலத்தையும் மத்திய கலிஃபோர்னியக் கரை மேட்டில் நின்று 1967இலிருந்து எண்ணிவருகிறார்கள். பார்வை மங்கும் நேரத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். 2016இல் சுமார் 27,000. 2025இல் சுமார் 13,000. பாதி.

எண்ணினால் மட்டும் காப்பாற்றிவிட முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. கப்பல்கள் வேகத்தை 10 நாட்டுக்குக் குறைக்க வேண்டும் என்பது இந்தக் கரையில் இன்னும் வேண்டுகோள்தான், கட்டாயமில்லை. என் நோட்டு எந்தக் கப்பலையும் நிறுத்தாது. ஆனால் அது கட்டாயமாக வேண்டும் என்று கேட்கப் போகிறவர் கையில் இந்த எண்களைத் தவிர வேறென்ன இருக்கும்? நம் பரவச வரிகளா?

எண்ணுவது கவிதைக்கு விரோதம் என்றால் கபிலரிடம் போய்ச் சொல்லுங்கள். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகப் பெயர் சொல்லி அடுக்கியவர் அவர். "ஏதோ பூ" என்று எழுதிவிட்டுப் பரவசப்படவில்லை.

அதனால் அடுத்த முறை எந்தக் கரையில் நின்றாலும் தேதி, இடம், எத்தனை நேரம், எவ்வளவு தூரம் தெரிந்தது, என்ன இருந்தது, எத்தனை என்று எழுதுங்கள். செத்துக் கிடந்தால் அதையும். ஒன்றும் இல்லையென்றால் பூஜ்யம் என்று எழுதிவிட்டு, பிறகு கவிதை எழுதுங்கள். நேரம் இருக்கிறது. பனி விலக எப்படியும் மத்தியானம் ஆகும்.