நாலு விரற்கடையில் வெற்றி!

இரண்டு கார்கள் 400 மைலுக்கு மேல் ஓடி, எல்லைக்கோட்டை ஏறக்குறைய ஒன்றாகவே தாண்டின. இடைவெளி ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு! தூரக் கணக்கில் சுமார் நாலு விரற்கடை.

2024-ம் ஆண்டு மே 5-ந் தேதி அமெரிக்காவில் கான்ஸாஸ் பந்தயத் திடலில் நடந்த அதிசயம் இது. கைல் லார்ஸன் வென்றார். கிரிஸ் புஷர் தோற்றார். அந்நாட்டின் முதல்தர ‘ஸ்டாக் கார்’ பந்தயத்தில் அதற்கு முன் இவ்வளவு நெருக்கமான முடிவு ஏற்பட்டதில்லை.

ஸ்டாக் கார் என்பது பார்வைக்குக் கடையில் விற்கும் கார் போலிருக்கும். உள்ளே இருப்பதோ பந்தயத்துக்கென்றே செய்த இயந்திரம். கான்ஸாஸில் ஒன்றரை மைல் நீள்வட்டப் பாதையில் அது சுற்றிச் சுற்றி ஓடுகிறது. போட்டியைக் கடுமையாக்குவது வேகம் அல்ல, சமத்துவம். 2022 முதல் எல்லாக் குழுவினரும் பெரும்பாலான பாகங்களைக் குறிப்பிட்ட உற்பத்தியாளர்களிடமே வாங்கவேண்டும் என்று விதி செய்துவிட்டார்கள். வண்டிகள் சமமானால் ஓட்டுகிறவரின் திறமை வெளிப்படும் அல்லவா?

புதுக்கோட்டைச் சீமைக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துத்தானே விடுகிறார்கள்? அதனால்தான் வண்டிகள் நுகத்தடியோடு நுகத்தடி உரச வருகின்றன.

கூட்டம் நெருங்கினால்...

போட்டி நெருக்கமானால் கூட்டமும் நெருங்கி வரும். ஆபத்து அங்கேதான் பிறக்கிறது.

1987-ல் டல்லடேகா திடலில் பாபி அல்லிசனின் கார் மணிக்குச் சுமார் 200 மைல் வேகத்தில் மேலே கிளம்பி வேலியைக் கிழித்தது. பார்வையாளர்கள் காயமுற்றனர். மறு ஆண்டே அத்தகைய அதிவேகத் திடல்களில் இஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் தகடு கட்டாயமாயிற்று. பார்க்க வந்தவனின் உயிருக்காக ஓட்டுகிறவனின் வேகத்தைக் குறைத்தார்கள்!

2013 பிப்ரவரியில் டேடோனாவில் இரண்டாம்தரப் பந்தயம் ஒன்றின் கடைசிச் சுற்றில் ஒரு கார் வேலியில் மோதி, இஞ்சினே பிய்ந்து விழுந்தது. பார்வையாளர்களில் 25 பேருக்கு மேல் காயம். காரை ஓட்டியவர் வேறு யாருமல்லர்; இதே கைல் லார்ஸன்தான். வேலி மட்டும் இல்லாதிருந்தால் எத்தனை உயிர் போயிருக்குமோ!

விராலிமலை கண்ட பாடம்

விராலிமலையும் இதே பாடத்தைப் படித்திருக்கிறது. 2019 ஜனவரி 20-ந் தேதி உலக சாதனைக்காக அங்கே நடந்த ஜல்லிக்கட்டில் 1,300-க்கும் அதிகமான காளைகள் அவிழ்த்து விடப்பட்டன. மாடு முட்டி இரண்டு பேர் மாண்டார்கள். இருவரும் மாடு பிடிக்க இறங்கியவர்கள் அல்லர். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்!

2014-ல் சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017-ல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றியது. அது செல்லும் என்று 2023 மே 18-ந் தேதி ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்துவிட்டனர். ஆகவே, நடத்தலாமா என்ற வழக்கு முடிந்தது. எப்படி நடத்துவது என்பதே இனிக் கேள்வி.

வாடிவாசலில் மட்டும் தடுப்புக் கட்டினால் போதாது. காளை ஓடி, சொந்தக்காரர் கையில் சேரும் இடம் வரை கட்டவேண்டும். சாலையில் விடும் வண்டிப் பந்தயத்தில் இரு பக்கமும் கூட்டத்தைப் பின்னே நிறுத்தவேண்டும். வண்டிகளை ஒட்டி மோட்டார் சைக்கிளில் பறப்பவர்களைத் தடுக்கவேண்டும். இதற்கெல்லாம் பணம் வேண்டும் என்பது வாஸ்தவமே. பரிசுக்குக் காரும் பைக்கும் திரட்ட முடிகிற ஊர்களுக்கு, சவுக்குக் கட்டையும் கயிறும் வாங்குவது பெரிய காரியமா?

வீரன் ஆபத்தைத் தெரிந்தே களத்தில் இறங்குகிறான். ஆனால் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பந்தயம் பார்க்க வருகிறவன், வீடு திரும்புவோம் என்ற நம்பிக்கையோடு வருகிறான். வெற்றி தோல்விக்கு இடையே நாலு விரற்கடை போதும். பந்தயத்துக்கும் பார்ப்பவனுக்கும் இடையே அது போதாது.