கொடைக்கு முன் கிரயம்

ஆண்டிற்கு 5 கோடி ரூபாய் நிகர இலாபம் ஈட்டும் கம்பெனி, முந்திய மூவாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் விதித்தது. அதனை வரவேற்கிறோம். ஆயினும், நூம்பலிலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் உள்ள சிறு பட்டறைக்காரர் வேண்டுவது நன்கொடையன்று. அனுப்பிய சரக்கிற்கு உரிய காலத்தில் கிரயம்.

45 நாளுக்குமேல் தவணை கூடாது, தவறினால் பாங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டுவட்டி என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டம். கேட்பவர் யார்? கேட்டால் அடுத்த ஆர்டர் வராதே! கைமாற்று வாங்கிக் கூலி கொடுப்பவரின் இலாபத்தை அக்கடனின் வட்டியே தின்றுவிடுகிறது. பள்ளிக்குப் பெஞ்சு வழங்கும் கம்பெனி, தனக்கு ஆணி செய்து கொடுத்தவரைக் காக்கவைக்கலாமா?

நம் சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. நெசவுக் கூலியும் விளைபொருட் கிரயமும் நிலுவையில் நிற்க, ஆண்டுவிழாவிற்குப் பந்தலிடுவது முறையன்று. வரும் பொதுப் பேரவையில் அங்கத்தினர்கள் நிலுவைப் பட்டியலைக் கேட்டுப் பெறுவார்களாக.